தேதிக்குள்ள வந்துடுவா

வெண்ணிலா எசன்ஸ் வாசனை வந்தா எல்லாருக்கும் பசிக்கும். எனக்கு அது ஆகாது. பேக்கரி இருக்கிற பக்கமாப் போக வேண்டியிருந்தா ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமா நடந்து போவேன். பார்க்கிறவங்க கிறுக்குன்னு நெனைப்பாங்க. நெனைச்சிக்கட்டும், எனக்கென்ன.

போன வாரம் என் மக கேக் மாவுப் பெட்டி ஒண்ணு வாங்கியாந்தா. விழுப்புரத்துல இப்போ அதெல்லாம் மளிகைக் கடையிலேயே கெடைக்குது. "கேக்கு இல்லம்மா, இதுல பிஸ்கெட்டு சுடலாம். ரொம்ப ஈசி. ரெண்டு முட்டை, அரை டம்ளர் எண்ணெய், அவ்ளோதான்"னா. செல்போன்ல எவளோ செஞ்சு காட்டினதைப் பார்த்து வச்சிருக்கா. "எனக்குத் தெரியும்டி"ன்னேன். "உனக்கு எப்படித் தெரியும்?"னு கேக்கிறா. அவளுக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பிஸ்கெட்டைத் தின்னு வளர்ந்தவளே அவதான்.

நான் கண்டாச்சிபுரத்துலேருந்து கல்யாணமாகி திண்டிவனம் வந்த வருஷம்தான் விழுப்புரம் தனி ஜில்லா ஆச்சு. எங்க வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவுல மெக்கானிக் வேலை. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட, வரிசையா நாலு குடித்தனம் இருக்கிற லைன் வீட்டுல ஒரு போர்ஷன் பிடிச்சாரு. பக்கத்துப் போர்ஷன்லதான் அந்த அக்கா இருந்துச்சு. பேரு எதுக்கு, அக்கான்னே வச்சிக்கலாம். லைன்ல யாரும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. புருஷன் செத்துப் போயி ரொம்ப நாளாச்சு, ஒரே பொண்ணு. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அந்த மண்டியில கல்லு தூசி பொறுக்கிப் பருப்பு சலிக்கிற வேலை. சாயந்திரம் வரும்போது தலைமயிரு, புருவம் எல்லாம் செவப்பாத் தூசி படிஞ்சிருக்கும். சேலை முந்தியில உடைஞ்ச பருப்பு கொஞ்சம் முடிஞ்சிக்கினு வரும். எங்க வாசல்ல நின்னு ஒரு பிடி கொட்டிட்டுத்தான் தன் வீட்டைத் தொறக்கும்.

அதுக்கு வாயில ஒரு பேச்சு ஒட்டிக்கினு இருக்கும். "அதுல ஒரு பேஜாரும் இல்ல." எதுக்கெடுத்தாலும் இதான். ஒரு புயல்ல அது வீட்டு ஓடு நாலஞ்சு பறந்துபோயி உள்ள தண்ணி கொட்டுது. நாங்க பதறிக்கினு ஓடினா, ஒழுகிற எடத்துல எல்லாம் குண்டான், சொம்பு, டம்ளர்னு வச்சிட்டு நடுவுல உக்காந்திருக்கு. "ஒரு பேஜாரும் இல்லடி, கொழாயடிக்குப் போற வேலை மிச்சம்" அப்படின்னுச்சு. இன்னொரு தடவை தேளு கொட்டி காலு பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடக்கு. "வலிக்கலையாக்கா?"ன்னா, "அதுல ஒண்ணும் பேஜாரு இல்ல, செருப்புதான் உள்ள போவல" அப்படின்னுது.

எனக்குக் கோபம் கோபமா வரும். நான் தலைவலி வந்தாலே ஊரைக் கூட்டறவ. ஒருநாள் கேட்டே விட்டேன். "வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னா என்னக்கா கொறைஞ்சிடும்?"

"சொன்னா மட்டும் கொறையுமாடி?" அப்படின்னுச்சு, சிரிச்சிக்கினே.

அந்த அக்காவோட பொண்ணை நாங்க எல்லாரும் பாப்பான்னுதான் கூப்பிடுவோம். பத்தாவது முடிச்சிட்டு வீட்டோட இருந்தா. என் மக பொறந்தப்போ இடுப்பை விட்டு எறக்க மாட்டா. தெரிஞ்சவங்க யாரோ சொல்லி, குவைத்துல ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனா. சமையலுக்கு ஒத்தாசை, புள்ளைங்களைப் பாத்துக்கணும். "ரெண்டே வருஷம். போயிட்டு வந்தா கல்யாணத்தை முடிச்சிடலாம். ஒரு பேஜாரும் இல்ல" அப்படின்னு அக்கா சொல்லிச்சு. வழியனுப்ப மெட்ராஸ் ஏர்போர்ட்டு வரைக்கும் போயிட்டு வந்து, அன்னிக்கே மண்டிக்கு வேலைக்குப் போயிடுச்சு.

ஒரு வருஷம் ஆனதும் பாப்பா ஒரு பெட்டி கொடுத்தனுப்பினா. கொண்டாந்தவரு கோட்டக்குப்பத்து பாய் ஒருத்தரு, அங்க டிரைவரா இருந்தாரு. பாண்டி பஸ்ஸுல ஏறி கிளியனூர் வழியா வந்து எறங்கி, எங்க லைனைத் தேடிக் கண்டுபிடிச்சிக் கொடுத்துட்டுப் போனாரு. தங்கமான மனுஷன். நாங்க என்னமோ ஏதோன்னு சுத்தி நின்னு பார்த்தா, அட்டைப் பெட்டி. மேல மஞ்சளா ஒரு கேக்குப் படம். உள்ள வெறும் மாவு. எங்க வீட்டுக்காரரு, "குவைத்துலேருந்து மாவா, கேப்பை மாவு இங்க கெடைக்காதாமா?"ன்னு கிண்டல் பண்ணாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை தெருமுனை பூத்துக்கு பாப்பாகிட்டேருந்து போன் வந்துச்சு. அக்கா என்னையும் இழுத்துக்கினு போச்சு. போன்ல பாப்பா கத்திப் பேசறது பக்கத்துல நிக்கிற எனக்கே கேட்டுச்சு. "அது கேக் மாவும்மா. இந்த வீட்டுப் புள்ளைங்களுக்கு நான் அதுல பிஸ்கெட்டு சுட்டுத் தர்றேன், தெனமும் அதான் கேக்குதுங்க. ரொம்ப ஈசி. சக்கரை கூட போட வேணாம்." செய்யிற விதமெல்லாம் சொன்னா. சொல்லிட்டு, "நீ செய்யாதே. வச்சிரு. பெட்டி மேல தேதி போட்டிருக்கும், அந்தத் தேதிக்குள்ள நான் வந்துடுவேன். வந்து நானே உனக்குச் சுட்டுத் தர்றேன்" அப்படின்னா.

அவ்ளோதான். ஊருக்கு வர்றதைப் பத்தி அந்தப் பொண்ணு சொன்னது அந்த ஒரு பேச்சு. அக்கா அதைப் புடிச்சிக்கிச்சு.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை என் கையில குடுத்துத் தேதியைப் படிக்கச் சொல்லிச்சு. மூடி மேல சின்னச் சின்னப் புள்ளியா மையில அடிச்சிருந்துச்சு. மாசம் இங்கிலீஷ்ல. படிச்சிச் சொன்னேன். அடுத்த வருஷம் பங்குனி வாக்குல வந்துச்சு. அக்கா ரெண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கிச்சு. அப்புறம் பெட்டியைத் தொடச்சி, மாதா படம் வச்சிருந்த பலகையில கொண்டு போயி வச்சிச்சு. தெனமும் ராத்திரி செபம் சொல்லும்போது அதுக்கும் சேர்த்துத்தான் மெழுகுவத்தி.

அந்தத் தேதி வந்துச்சு. பாப்பா வரலை.

மறுநாள் சாயந்திரம் மண்டியிலேருந்து வந்த அக்கா பெட்டியைப் பிரிச்சிது. "தேதி தாண்டிடுச்சே, வீணாப் போயிடும் பாரு" அப்படின்னுச்சு. ஓவனுக்கு எங்க போறது. மல்லாட்டை வறுக்கிற கைக்கு அது ஒரு விஷயமா? அடி கனத்த குண்டான்ல ஆத்து மணலைக் கொட்டி சூடாக்கிச்சு. மாவுல ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்தி, மண்டியில குடுத்த மல்லாட்டை எண்ணெயை அரை டம்ளர் விட்டுப் பிசைஞ்சு, நெல்லிக்காய் அளவு உருட்டி, தட்டுல வச்சு லேசா அமுக்கிச்சு. தட்டை மணல் மேல வச்சு மூடி, மூடி மேல நாலு நெருப்புக் கங்கு எடுத்துப் போட்டுச்சு. மல்லாட்டைத் தோலை ஒரு ஒரு பிடியா அள்ளி அடுப்புல போட்டுக்கினே இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல லைன் பூரா வாசனை. பாதி வெண்ணிலா, பாதி மல்லாட்டை. இதுக்கு முன்னாடி எங்க மூக்கு அறியாத வாசனை அது.

ஓரம் செவந்து, நடுவுல மெத்துனு இருந்துச்சு பிஸ்கெட்டு. நாலு குடித்தனத்துக்கும் தட்டுல போட்டுக் குடுத்துச்சு. நானும் வாய் ருசிக்குத் தின்னேன், பொய் சொல்ல மாட்டேன். நாலஞ்சு தின்னேன். அக்கா ஒண்ணை மட்டும் கையில வச்சிக்கினு, "இந்நேரம் அவளும் அங்க இதைத்தான் சுட்டுக்கினு இருப்பா" அப்படின்னுச்சு.

அந்த மாசமே பாய் வந்தாரு, புதுப் பெட்டியோட. விசாவுல ஏதோ சிக்கல், பாஸ்போர்ட்டு அந்த வீட்டுக்காரங்க கையில இருக்குது, அடுத்த வருஷம் கண்டிப்பா அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்கன்னாரு. அக்கா தலையாட்டிக் கேட்டுச்சு. அவரு போனதும் பெட்டியை எடுத்துக்கினு எங்க வீட்டுக்கு வந்துச்சு. "தேதி என்னான்னு பாருடி."

இப்படியே எத்தனையோ பெட்டி. ஒண்ணு தேதி தாண்டும், சுடும், பங்கு வைக்கும், இன்னொண்ணு வரும். சாக்லேட்டு மாவு, எலுமிச்சம்பழ வாசனை அடிக்கிற மாவுன்னு விதவிதமா வந்துச்சு. எனக்கு இது உறைக்கவே ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. எங்க லைன்ல பிஸ்கெட்டு வாசனை வந்துச்சுன்னா அந்தப் பொண்ணு வரலைன்னு அர்த்தம். அது புரிஞ்சதுலேருந்து நான் அதைத் திங்கறதில்லை. வாங்கி அடுப்பு மேல வச்சிடுவேன், புள்ளைங்க தின்னுடும்.

புள்ளைங்களுக்கு என்ன தெரியும். என் மகளுக்கு அப்போ அஞ்சு வயசு இருக்கும். அக்கா மடியில உக்காந்துக்கினு, "எப்போ பிஸ்கெட்டு சுடுவீங்க?"ன்னு கேட்டா.

"பாப்பா அக்கா வந்து சுட்டுத் தருவா கண்ணு. தேதிக்குள்ள வந்துடுவா."

"வரலைன்னா?"

"வரலைன்னா நான் சுட்டுத் தர்றேன்."

"பாப்பா அக்கா எப்பவும் வர்றதே இல்ல. நீங்களே சுடுங்க. அவங்க வர வேணாம்" அப்படின்னா இவ.

நான் பாத்திரத்தைப் போட்டுட்டு ஓடி வந்து முதுகுல ஒண்ணு வச்சேன். அக்கா அவளை அணைச்சிக்கினு என் கையைத் தள்ளி விட்டுச்சு. "ஏண்டி அடிக்கிற, கொழந்தை கேட்டதுல ஒரு பேஜாரும் இல்ல." சொல்லிட்டு அவ முதுகைத் தேச்சு விட்டுக்கினே இருந்துச்சு. அவ அழுகை நின்ன பிறகும் தேச்சுக்கினே இருந்துச்சு.

கிளியனூர்ல ஒரு பையனைப் பாப்பாவுக்குப் பார்த்து வச்சிருந்துச்சு. கொத்து வேலை, குடி கிடி கெடையாது. அவங்க வீட்டுலயும் பொறுமையாத்தான் இருந்தாங்க. "எப்போம்மா வருது பொண்ணு?"ன்னு கேட்டு வரும்போதெல்லாம் அக்கா பெட்டியில இருக்கிற தேதியைத்தான் சொல்லும். ரெண்டு பெட்டி வரைக்கும் காத்திருந்தாங்க, பாவம். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் ஓலை படிச்சாரு. வேதக்காரங்க கல்யாணத்துக்கு முன்னாடி கோயில்ல மாப்பிள்ளை பொண்ணு பேரைப் படிப்பாங்க, அதுக்குத்தான் ஓலை படிக்கிறதுன்னு பேரு. அந்தப் பையன் பேரும், நம்ம திண்டிவனத்துப் பொண்ணு ஒருத்தி பேரும். கூட்டத்தோட கூட்டமா உக்காந்து அக்கா அதைக் கேட்டுச்சு.

வீட்டுக்கு வந்து எங்கிட்ட அதையே சேதி மாதிரி சொல்லிச்சு. அந்த வருஷத்துப் பெட்டிக்கும் தேதி அப்போதான் முடிஞ்சிருந்துச்சு. கல்யாணத்துக்கு மொத நாள் மொத்த மாவையும் சுட்டு, ஒரு பெரிய டின்னுல அடுக்கிச்சு.

"எதுக்குக்கா இது? யாருக்கு?"

"கல்யாணத்துக்கு வெறுங்கையோடவா போறது?"

"உனக்குச் சூடு சொரணை இல்லையா? உன் பொண்ணு இருக்க வேண்டிய எடம்க்கா அது."

"அந்தப் புள்ள என்னாடி பண்ணும். எத்தினி நாளைக்குக் காத்துக்கினு கெடக்கும்" அப்படின்னுச்சு. டின்னைத் தூக்கிக்கினு பஸ்ஸேறிப் போயி, சாப்பிட்டு, மொய் எழுதிட்டு வந்துச்சு. எனக்கு ரெண்டு நாள் அதுகூடப் பேசப் பிடிக்கலை.

போனு கொறைஞ்சுக்கினே வந்துச்சு. மாசத்துக்கு ஒண்ணா இருந்தது, பண்டிகைக்கு மட்டும்னு ஆச்சு. ஒரு கிறிஸ்துமஸுக்கு அதுவும் இல்லை. எல்லார் கையிலயும் செல்போன் வந்துக்கினு இருந்த காலம் அது. அக்கா மட்டும் அந்தப் பூத்தையே நம்பிக்கினு இருந்துச்சு. பூத்துக்காரரு கடையை மூடப் போறேன்னப்போ, "பாப்பாவுக்கு அந்த நம்பருதான் தெரியும்"னு போயி நின்னுச்சு. அவரு என்ன பண்ணுவாரு, மூடிட்டாரு.

அப்புறம் பாய் வந்தாரு. முதல் தடவையா வெறுங்கையோட வந்தாரு. அக்கா டீ போடப் போச்சு, வேணாம்மா வேணாம்மான்னு கையைப் புடிக்காத கொறையா நிறுத்தினாரு. என்னையும் எங்க வீட்டுக்காரரையும் பார்த்து, நீங்களும் இருங்கன்னாரு.

"அம்மா, நான் அந்த வீட்டுக்குப் போயி பெல் அடிச்சேன். வேற ஒரு பொண்ணு வந்து கதவைத் தொறந்துச்சு. நம்ம பாப்பா அங்க இல்லைன்றாங்க. போயி ரொம்ப நாளாச்சுன்றாங்க. எங்க போச்சுன்னு கேட்டா தெரியாதுன்றாங்க. நம்ம ஆளுங்க இருக்கிற எடத்துல எல்லாம் விசாரிச்சிட்டேன். யாருக்கும் தெரியல."

அவரு கண்ணு கலங்கிடுச்சு. அக்கா அவரைத்தான் சமாதானம் பண்ணுச்சு. "வேற நல்ல வீடா கெடைச்சிருக்கும் பாய். அதுல ஒரு பேஜாரும் இல்ல. இருங்க, டீ போட்டாறேன்."

எங்க வீட்டுக்காரரு சும்மா விடலை. மனு எழுதி, அக்காவையும் கூட்டிக்கினு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கக்கிழமை திங்கக்கிழமையாப் போனாரு. கூட்டத்துல நின்னு குடுத்தாங்க. வாங்கிக்கினாங்க, மேல அனுப்பறோம்னாங்க. ஒருத்தரும் கெடுதலா நடத்தலை, ஒருத்தராலயும் ஒண்ணும் ஆகவும் இல்லை. கொஞ்ச நாள்ல இவருக்கும் லீவு இல்லை. அக்கா தனியாப் போயிட்டு வந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னுச்சு.

மாதா பலகையில ஒரு பெட்டி மட்டும் பாக்கி இருந்துச்சு. பாய் அதுக்கு முந்தின தடவை கொண்டாந்தது. தேதி எனக்கு மனப்பாடம், நான்தானே படிச்சவ. அந்தத் தேதி தாண்டின மறுநாள் சாயந்திரம் வேலை எதுவும் ஓடாம மூக்கைத் தீட்டிக்கினு உக்காந்திருந்தேன். பிஸ்கெட்டு வாசனை வரணும்னு அன்னிக்குத்தான் நான் வேண்டிக்கிட்டேன். சுட்டுட்டா இது முடிஞ்சிடும், அக்கா ஒரு தடவை வாய் விட்டு அழும், நாமளும் கூட உக்காந்து அழலாம்னு நெனைச்சேன்.

வாசனை வரலை. எட்டிப் பார்த்தா அக்கா கேப்பைக் கூழு கிண்டிக்கினு இருந்துச்சு. பெட்டி பலகையிலேயே இருக்கு.

"மாவு சுடலையாக்கா?"

"இன்னும் தேதி ஆவலடி."

"நேத்தோட ஆச்சுக்கா. நான்தானே படிச்சேன்."

"நீ தப்பாப் படிச்சிருப்ப" அப்படின்னுச்சு. யாரையும் ஒரு கொறை சொல்லாத அக்கா அன்னிக்கு என் மொகத்தைப் பார்க்காம இதைச் சொல்லிச்சு. நான் வீட்டுக்கு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு விழுப்புரம் டிப்போவுக்கு மாத்தலாகி நாங்க கெளம்பிட்டோம். அக்கா எங்க தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் லாரியில ஏத்தி விட்டுச்சு. அப்பப்போ போயிப் பார்த்துட்டு வருவேன். அப்புறம் மண்டி வேலைக்கு ஒடம்பு முடியலை, மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு, அத்தினி வருஷத் தூசி. கோயில்ல சொல்லி, விழுப்புரத்துல சிஸ்டருங்க நடத்தற முதியோர் இல்லத்துல கொண்டாந்து விட்டாங்க. எங்க வீட்டுலேருந்து ரெண்டு ஸ்டாப்பிங்தான்.

கடைசியாப் பார்த்தது போன மழைக்காலத்துல. கட்டில்ல உக்காந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கினு இருந்துச்சு. "எப்படிக்கா இருக்க?"ன்னேன். "ஒரு பேஜாரும் இல்ல"ன்றதையே மூணு மூச்சுல சொல்லிச்சு. தலைமாட்டு அலமாரியில மாதா படம், பக்கத்துல அந்தப் பெட்டி. கலரெல்லாம் வெளுத்து, கேக்குப் படம் எங்க இருந்துச்சுன்னே தெரியலை. எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ள மாவு கல்லாட்டம் ஒரே கட்டியா லொடக்குன்னு உருண்டுச்சு.

பழைய பழக்கம், கை தானா மூடியைத் திருப்பிச்சு. தேதி இருந்த எடத்துல ஒண்ணுமே இல்லை. அட்டை மட்டும் அங்க வழவழன்னு கருத்து, எண்ணெய் ஊறிக் கெடந்துச்சு.

"தேதி எங்கக்கா?"

"நான்தான் அழிச்சிட்டேன். தேங்காயெண்ணெயைத் தொட்டு வெரலால தேச்சா வந்துடுது. நீங்க வீடு மாறிப் போறதுக்கு முன்னாடியே அழிச்சாச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு, "தேதி இருந்தாத்தானேடி தாண்டும்?" அப்படின்னுச்சு.

எனக்கு அழுகை வரலை. ஆத்திரம்தான் வந்துச்சு. அந்தப் பொண்ணு மேலயா, அவளை வச்சிருந்தவங்க மேலயா, வருஷா வருஷம் தேதியைப் படிச்சிச் சொன்ன என் வாய் மேலயா, இன்னிக்கு வரைக்கும் தெரியலை. பெட்டியைப் பழையபடி மாதாவுக்குப் பக்கத்துல வச்சேன். அக்கா கையை நீட்டி அதைக் கொஞ்சம் நேரா நகர்த்தி வச்சிச்சு.

கெளம்பும்போது வராண்டாவுல சிஸ்டர் ஒருத்தங்க என்னை நிறுத்தினாங்க. சின்ன வயசு, புதுசா வந்தவங்க போல. "நீங்க அவங்களுக்குச் சொந்தமாம்மா? அந்த மாவு டப்பாவைத் தூக்கிப் போடச் சொல்லுங்களேன். வண்டு வச்சு, பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் வருது. நாங்க சொன்னா குடுக்க மாட்டேன்றாங்க. எக்ஸ்பைரி ஆகி எத்தினி வருஷம் ஆச்சோ."

"இருக்கட்டும் சிஸ்டர்"னேன். "அதுக்கு இன்னும் தேதி ஆவல."